மணப்பெண்ணுக்காக நகர்ந்த கல்

கல்லை நட்டது அரசாங்கம். அதைப் பெயர்த்துக்கொண்டு போனது என் மாமனார். இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. என் பெண்டாட்டி பொன்னியம்மாவும் அவள் தம்பி தசரதனும் சொன்னதுதான். பெண்டாட்டி சொல்வதையே நான் பாதிதான் நம்புவேன். மச்சான் சொல்வதில் அதுவும் கிடையாது.

பொன்னியம்மா பிறந்த ஊர் ஈச்சங்கண்டிகை. ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திராவுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்ன ஊர். வீட்டில் பேச்சு தமிழ், பஸ்ஸில் எழுத்து தெலுங்கு. மாநிலத்தைப் பிரித்தபோது ஊருக்குத் தெற்கே, ஏரிக்குப் பக்கத்தில், ஒரு கருங்கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். கல்லுக்கு வடக்கே ஆந்திரா, தெற்கே தமிழ்நாடு.

அந்த ஊரில் அதற்கு முன்னாலேயே ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைத் தெற்குப் பக்கம் கட்டிக்கொடுத்தால் ஊர் எல்லைவரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போவார்கள். எல்லாரும் கடைசிவரை போக மாட்டார்கள். பெற்றவள் வாய்க்காலோடு நின்றுவிடுவாள். அத்தைமார் புளியந்தோப்போடு. கூட விளையாடின பெண்கள் கல்கட்டுக் கிணற்றோடு. அதற்கப்புறம் கூடப்பிறந்தவன் ஒருவன்தான். அவன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போய், எல்லையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அவளைத் தாண்ட வைப்பான். அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாங்கிக்கொள்வார்கள். தாண்டினவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. அரசாங்கம் கல்லை நட்டதும், எல்லை என்றால் இதுதான் என்று ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் பக்கம் தாலி கட்டுவது மாப்பிள்ளை வீட்டில். பொன்னியம்மா அந்தக் கல்லைத் தாண்டியபோது நான் எங்கள் ஊர் வேப்பம்பட்டில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தேன். அவளை வாங்கிக்கொண்டு வந்த என் அக்காள் இப்போது இல்லை.

அடுத்த வருஷம் பொன்னியம்மாவின் தங்கைக்குக் கல்யாணம். அவளுக்குக் காய்ச்சல். கல் இருந்த தூரத்துக்கு நடக்க முடியாது. கல்யாணத்தைத் தள்ளிவைத்தால் மாப்பிள்ளை வீட்டில் முறைத்துக்கொள்வார்கள். என் மாமனாரும் இன்னும் சிலரும் வண்டி கட்டிக்கொண்டு போய், கல்லைப் பெயர்த்து, ஊர்க் கோடியில் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். அரசாங்கத்துக்கு அதன் எல்லை காகிதத்தில் இருக்கும், கல் நமக்குத்தானே என்று நினைத்திருக்கிறார்கள். காய்ச்சல்காரப் பெண் வாசற்படியைத் தாண்டுகிற மாதிரித் தாண்டினாள். அதற்கப்புறம் எல்லாப் பெண்களும் அங்கேயேதான் தாண்டினார்கள். கிட்டே இருப்பது யாருக்குத்தான் கசக்கும்.

இத்தனை காலம் கழித்து இரண்டு அரசாங்கமும் சேர்ந்து எல்லையை அளக்க வந்தபோதுதான் இந்த வேலை குடைச்சலாகிவிட்டது. இரண்டு பேரின் பழைய வரைபடமும் அந்த இடத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கல்லைப் பார்த்தால் ஊர்க் கோடியில் நிற்கிறது. கல்லுக்குத் தெற்கே இருப்பதெல்லாம் தமிழ்நாட்டு ஏரிப் புறம்போக்கு, ஏரியை ஆழப்படுத்த வேண்டும் என்று நம் பக்கத்தில் சொன்னார்கள். தசரதனின் கொல்லை அங்கேதான். வேறு நிலம் அவனுக்குக் கிடையாது. மல்லாட்டை, வேர்க்கடலைதான், போட்டிருந்தான். கல் நகர்ந்து வந்த கதையை அவன் போய்ச் சொன்னான். நிலத்துக்காரன் வேறென்ன சொல்வான் என்று சிரித்திருக்கிறார்கள். கல்லைத் தூக்கினவர்கள் எல்லாரும் மண்ணுக்குள். பழைய இடத்தில் தாண்டின பெண்களில் பொன்னியம்மாதான் மிச்சம்.

அவளுக்கு மறதி நோய்.

"அக்கா ஒரு வாட்டி வந்து இடத்தக் காட்டினா போதும் மாமா" என்று தசரதன் போனில் சொன்னான்.

"காலைல துன்ன இட்லியே அவளுக்கு ஞாபகம் இல்ல. அந்தக் காலத்துக் கல்லு எப்டிடா ஞாபகம் இருக்கும்?"

"அதுதான் மாமா இருக்கும்."

"நீ சொல்லிக் குடுத்து இட்டுகினு போவலாம்னு பாக்குறியா?"

"சொல்லிக் குடுத்தா அவளுக்கு நிக்குமா?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

விஷயம் எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு ஜேம்ஸ் ஆவடி பேக்டரியில் ரிட்டையர் ஆனவன். நான் அங்கே கான்ட்ராக்டில் மூட்டை தூக்கின காலத்திலிருந்து பழக்கம். கேட்டில் சாய்ந்துகொண்டு, "இன்னா வேம்புலி, நம்ம கவர்மென்ட்டு அரிசியத் துன்னுகினு ஆந்திராக்காரனுக்கு சாட்சி சொல்லப் போறீங்களாமே?" என்றான்.

"உன் ஊட்டு அரிசி இல்லியே. உனுக்கு இன்னா வயித்தெரிச்சல்?"

"எனுக்கு ஒண்ணியும் இல்ல மாமே. ஏரி போனா மீனு போச்சுன்னு சொல்றேன்."

"நீ எப்போ அந்த ஏரில மீன் புடிச்ச?"

"புடிச்சதில்ல. புடிக்கலாம்னு ஒரு எண்ணம் கீதுல்ல."

தை மாசம் ஒரு காலையில் தசரதன் கார் கொண்டுவந்தான். கூட்டிக்கொண்டு போனோம். பொன்னியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, தாமரைப்பாக்கம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். அப்புறம் தூங்கிவிட்டாள். ஈச்சங்கண்டிகையில் இறக்கினோம். நம் பக்கத்து சர்வேயர் கார்த்திகா என்கிற பெண், அவர்கள் பக்கத்து சர்வேயர் சுப்பராயுடு, இரண்டு பேரும் குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வாய்க்காலைத் தூர்த்து ரோடு போட்டிருந்தது. புளியந்தோப்பு இருந்த இடத்தில் மாமரம் வரிசை வரிசையாக நின்றது. கிணற்றைக் காணோம். பொன்னியம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இது எங்க ஊரு இல்ல" என்றாள்.

ஊர்க் கோடிக் கல்லின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மஞ்சள் பூசிப் பூசிக் கல்லுக்குத் தோல் வந்திருந்தது. அதை மட்டும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. ஊரிலிருந்து சொல்லாமல் வந்துவிட்ட சொந்தக்காரனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"இது ஏன் இங்க வந்து கீது?"

கார்த்திகா குனிந்து, "எங்கேர்ந்தும்மா வந்துச்சு?" என்று கேட்டாள்.

பொன்னியம்மா ஏரிப் பக்கம் கை காட்டினாள். அப்புறம் மலைப் பக்கம் காட்டினாள். அப்புறம் அழுதாள். அவளை அழவிட்டு எழுதுகிற எழுத்து எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதே வாரத்தில் சர்வேயர்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். சாயங்காலம். பின்னாலேயே தசரதனும் வந்தான், முகத்தில் ஈயாடவில்லை. இடம் நினைவில்லை என்று பொன்னியம்மாவிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு விசாரணையை முடித்துவிடப் போகிறார்களாம். கல் நிற்கிற இடம்தான் எல்லை என்று ஆகிவிடும்.

"மொதல்ல அத்தப் படிச்சுக் காட்டு" என்றேன்.

கார்த்திகா படித்துக் காட்டினாள்.

"அவரு படிக்கட்டும்" என்று சுப்பராயுடுவைக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணான்னு பாக்கணும்."

"எனக்குத் தமிழ் பேச வரும் பெரியவரே, படிக்க வராது" என்றார் அவர்.

"அப்ப படிக்கத் தெரியாத காகிதத்துல நீ மட்டும் எப்டி கையெழுத்துப் போடுவ?"

அவர் கார்த்திகாவைப் பார்த்தார். அவள் தாளை மடக்கி வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு நிதானமா பாக்கலாங்கய்யா" என்றாள். விவரமான பெண்.

அந்த நேரத்தில்தான் ஸ்டேஷன் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மேளம் ஆரம்பித்தது. பெண் அழைப்பாக இருக்கும். நாதஸ்வரம் தெருவைச் சுற்றிக்கொண்டு, பனியில் நனைந்து, மெதுவாக வீட்டுக்குள் வந்தது. பொன்னியம்மா கட்டிலிலிருந்து எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். தலையைத் தடவி, பூ இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். தசரதன் முன்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"போலாண்டா. வெயில் ஏறிடும்."

வெளியே சூரியன் விழுந்துகொண்டிருந்தது. தசரதன் என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே அவள் கையைப் பிடித்தான். இரண்டு பேரும் கொல்லைக் கதவு வழியாக இறங்கினார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பெரிய வெட்டவெளி. முன்பு நெல் விளைந்த இடம், அதில் நானும் கூலிக்கு நாற்று நட்டிருக்கிறேன். பிளாட் போட்டு வருஷக்கணக்காகிறது, ஒரு வீடும் வரவில்லை. மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாட் கற்கள் மட்டும் புல்லுக்குள் வரிசையாக நிற்கும். மேலே பனிப்புகை ஒரு முழம் உயரத்தில் படுத்திருந்தது. கற்கள் அதில் மிதப்பது போலத் தெரிந்தது. பொன்னியம்மா அதற்குள் நடந்தாள்.

"அவரு கைய விடணும்" என்றாள் கார்த்திகா. "இவரு இழுத்த பக்கம் போனாங்கன்னு நாளைக்கு எங்க ஆபீஸ்லயே கேப்பாங்க."

"அதான் நானும் சொல்றேன்" என்றேன். "வுட்றா கைய."

தசரதன் விட்டான். பொன்னியம்மா நின்றுவிட்டாள். நீட்டின கை நீட்டினபடி இருந்தது. எல்லைக்குத் தனியாகப் போகிற பெண் அந்த ஊரில் இல்லை. மேளம் நின்றுவிட்டால் இவள் இங்கேயே விழித்துக்கொண்டு அழப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தசரதனின் கொல்லை அந்தக் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. சுப்பராயுடு ஓரடி எடுத்து வைத்தார்.

"நீங்களும் வேணாம் சார்" என்றாள் கார்த்திகா. "உங்க ஸ்டேட்டுக்குத்தான் லாபம்." சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிப் போட்டாள். போய்ப் பொன்னியம்மாவின் கையைத் தானே பிடித்தாள். "இந்தம்மா நடந்தா நஷ்டம் எங்களுக்கு. அப்ப நான் புடிச்சா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

எனக்கு எந்த ஆபீசரையும் நம்பிப் பழக்கமில்லை. அந்தப் பெண்ணின் காலில் சீமைக்கருவேல முள் ஏறியது. நொண்டிக்கொண்டே கூடப் போனாள். அவள் இழுக்கவில்லை. பொன்னியம்மா திரும்பின பக்கம் திரும்பினாள், நின்ற இடத்தில் நின்றாள். சுப்பராயுடு செல்போனைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னால் வந்தார். அதில் இவர்கள் நடக்க நடக்க நீலக் கோடு ஒன்று புழு மாதிரி ஊர்ந்தது.

கொஞ்ச தூரத்தில் பொன்னியம்மா நின்றாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டாள். காய்ந்த புல்லில் தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரிக் காலை வைத்தாள்.

"அம்மா, நீ நின்னுக்கோ. அழுவாத, தீபாவளிக்கு வந்துடுவேன்."

"வாய்க்கால்" என்று தசரதன் என் காதில் சொன்னான். சுப்பராயுடு போனில் ஒரு புள்ளி வைத்தார்.

அங்கிருந்து கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்து போனாள். புளியந்தோப்பில் அத்தைகளிடம் சொல்லிக்கொண்டாள். ஒரு அத்தையிடம் மட்டும், "என் சீப்ப எடுத்து வச்சிகினு குடுக்காத போற பாரு" என்று சண்டை போட்டாள். கார்த்திகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொன்னியம்மாவும் அவளோடு சேர்ந்து சிரித்தாள். பனிக்குள் இரண்டு தோழிகள் கைகோர்த்துப் போகிற மாதிரி இருந்தது. தூரத்தில் திருவள்ளூர் ரயில் வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு போனது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் பிளாட் கற்கள். புத்தி கலங்கினவள், ஏதோ ஒரு கல்லைப் பார்த்ததும் நின்றுவிடுவாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் நான்தான் நின்றேன். அவள் நிற்கவில்லை. கால் இடித்த கல்லைக்கூட, குறுக்கே படுத்த ஆட்டைச் சுற்றிப் போகிற மாதிரிச் சுற்றிப் போனாள்.

கிணற்றடியில் பெண்களை நிறுத்தினாள். பேர் பேராகச் சொன்னாள். அவர்களில் ஒருத்திகூட இப்போது உயிரோடு இல்லை என்று தசரதன் முணுமுணுத்தான். அங்கிருந்து நேராகப் போனாள். இப்போது பேச்சில்லை. ஒவ்வொரு ஆளாகக் கழித்துவிட்டு வந்தவளுக்கு உடம்பு லேசாகிவிட்ட மாதிரி, வேகமாக நடந்தாள். கார்த்திகாவால் ஈடுகொடுக்க முடியவில்லை.

வெறும் புல்லில் வந்து நின்றாள். அங்கே கல் கிடையாது, மரம் கிடையாது. "தம்பி, மஞ்சத்தண்ணி ஊத்து" என்றாள்.

தசரதன் கையைப் பிசைந்தான். சுப்பராயுடு பையிலிருந்த வாட்டர் பாட்டிலை எடுத்து அவனிடம் கொடுத்தார். தசரதன் மண்டியிட்டு அக்காவின் காலடியில் தண்ணீரை ஊற்றினான். நரைத்த மீசைக்காரன், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பொன்னியம்மா வலது காலைத் தூக்கி, அங்கே இல்லாத கல்லைத் தாண்டினாள். உயரமான கல்தான் போலிருக்கிறது. முழங்கால் அவ்வளவு மேலே வந்தது. கட்டிலில் ஏறுவதற்கே என் தோளைப் பிடிக்கிறவள் அவள்.

தாண்டிவிட்டு, முன்னால் பார்த்துக்கொண்டு நின்றாள். வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. நாங்கள் நாலு பேரும் இந்தப் பக்கம் நின்றோம். திரும்பிப் பார்க்கவும் முடியாமல், தனியாகப் போகவும் முடியாமல் அவள் நின்றாள். மேளம் எப்போதோ நின்றிருந்தது. நான் செருப்பைப் புல்லில் விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு ஓடி, அவள் எதிரில் போய் நின்றேன்.

"நீங்க மாப்ள ஊடா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இன்னும் எம்மா தூரம்?"

"கிட்டதான். வா."

வந்த வழியே கூட்டிப்போனால் அவள் வரமாட்டாள். வெட்டவெளியின் அந்தக் கோடிக்குப் போய், ஸ்டேஷன் ரோட்டில் ஆட்டோ பிடித்து, ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டு முன்வாசலுக்குக் கொண்டுவந்தேன். "நல்ல ஊடு" என்றாள். வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.

கார்த்திகாவும் சுப்பராயுடுவும் எங்கள் திண்டாட்டத்தைப் பார்க்கவில்லை. ஹாலில் வரைபடத்தை விரித்து, போனை அதன்மேல் வைத்து, இரண்டு பேரும் தலை முட்டுகிற மாதிரிக் குனிந்திருந்தார்கள். நம் பக்கத்துப் பழைய படத்தில் வாய்க்காலும் தோப்பும் இருந்தன. கிணறு அவர்கள் பக்கத்துப் படத்தில் இருந்தது. தசரதனுக்கே கிணறு இருந்த இடம் சரியாக ஞாபகமில்லை.

"படத்துல அவங்க பொறந்த வீட்லேர்ந்து மூணு இடமும் எப்படியோ, இங்க நடந்ததும் அதே திசை, அதே வளைவுங்கய்யா" என்றாள் கார்த்திகா. "வயசான நடை, எல்லாமே ஒரே அளவுல சுருங்கியிருக்கு. கடைசித் துண்டையும் அதே கணக்குல நீட்டிட்டா இடம் வந்துடும்."

"வந்துட்டா எளுதிடுவியா?"

"எழுத முடியாது. இது வழி காட்டும், அவ்ளோதான். தோண்டிப் பாக்கணும்."

சுப்பராயுடு சொன்னார்: "அந்தக் காலத்துல கல்லு நட்டா அடியில கரி கொட்டுவாங்க பெரியவரே. கல்ல எடுத்துட்டுப் போயிடலாம். கரி மண்ணுல மக்காது, யாரும் அதத் தூக்கிட்டும் போகமாட்டாங்க."

தோண்டுகிற அன்றைக்கு நானும் போனேன். இவர்களே கரியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டுமே. ஏரிக்கரையோரம், தசரதனின் கொல்லைக்குத் தெற்கு வரப்பையும் தாண்டி, கார்த்திகா ஒரு வட்டம் போட்டாள். முதல் குழியில் மண்தான். இரண்டாவதிலும் மண்தான். மூன்றாவதில் இடுப்பளவு இறங்கின பிறகு மண்வெட்டி கறுப்பாக வந்தது. குழியில் இறங்கி ஒரு துண்டை எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். வேர் அதன் நடுவில் ஊடுருவிப் போயிருந்தது. நேற்று யாரோ போட்ட கரியில் வேர் ஓடாது.

தசரதன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். எல்லை அவன் கொல்லைக்குத் தெற்கே போய்விட்டது. கார்த்திகா அங்கேயே நின்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"உங்க ஆபீஸ்ல திட்டுவாங்களா?" என்று கேட்டேன்.

"திட்டுவாங்க. ஏரி கொஞ்சம் சின்னதாயிடும்." பேனாவை மூடினாள். "அம்மா எப்படி இருக்காங்க?"

"துன்றா, தூங்குறா. உன்னக் கேட்டா யாருன்னு கேப்பா."

சித்திரையில் தசரதன் மல்லாட்டை பிடுங்கி ஒரு மூட்டை கொண்டுவந்தான். பச்சையாகவே உப்புப் போட்டு அவித்தோம். பொன்னியம்மா கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்துத் தின்றாள்.

"யாரு கொல்லைல வெளஞ்சது? நல்லா கீது."

"உன் தம்பி கொல்லைல" என்றேன்.

"தசரதனா? அவன் சின்னப் புள்ள, அவனுக்கு ஏது கொல்ல?" என்றாள். பக்கத்தில் கிழவனாக உட்கார்ந்திருந்த தசரதனைத் திரும்பிப் பார்த்தாள். கை நிறைய அள்ளி அவன் மடியில் போட்டாள். "நீங்களும் துன்னுங்க அண்ணாத்தே. எங்க தம்பி அனுப்பிச்சது."

அவன் உரித்துத் தின்றான்.